கையும் வையும்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடி நோக்கிச் செல்லும் பெருவழியில், பிபிலைக்கு இறங்குமுன் மலைமடியில் அமைந்திருப்பது லுணுகலை. ஒருபுறம் தேயிலை மலைகள் உயர்ந்து நிற்க, மறுபுறம் நிலம் கிழக்கு நோக்கித் தாழ்ந்து செல்லும் எல்லையூர் இது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும். அப்பொழுதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறும் என்பர். அக்காற்றோடு வேறொன்றும் எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்வதுண்டு. அது தேயிலைத் தொழிற்சாலையின் முழக்கம். தோட்டத்து மக்கள் அதனை 'ஸ்டோர்' என்று வழங்குவர்.

சென்ற ஆண்டு அத்தகைய ஒரு நாளில் ஓரெழுத்தொருமொழி கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நின்று பொருள் தருவது அது. அத்தகையன நாற்பத்திரண்டு என்று நன்னூலார் தொகுத்துள்ளார். அவற்றுள் ஐகார ஈற்று உயிர்மெய்கள் ஆறு: கை, தை, நை, பை, மை, வை. ஒவ்வொன்றாகக் கூறிப் பொருள் வினவினேன். பின்வாங்கில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், எல்லாம் ஒரே மாதிரித்தானே கேக்குது?" என்றாள். மற்ற மாணவர் நகைத்தனர். எனக்கு நகை வந்திலது. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிதுநேரம் பேசாது நின்றேன். கைக்கும் வைக்கும் உள்ள வேறுபாட்டினால் எங்கள் குடும்பத்தில் ஒரு துன்பக் கதை உண்டு. அதனை எழுதுவது கடன் என்று அன்றே துணிந்தேன்.

என் தந்தையார் 1958ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தேழு ஆண்டுகள் உருட்டும் அறையிலே உழைத்தார். மேல்மாடியில் வாட்டிய கொழுந்து கீழே இறங்கி ரோலரின் வாயில் விழும். வட்டமான பித்தளைத் தட்டின்மேல் ஓர் உருளைக்கூடு சுழன்று கொழுந்தை முறுக்கும். மேலேயுள்ள மூடியைக் கைச்சக்கரத்தால் இறக்கி அழுத்தம் கொடுப்பர். பல ரோலர்கள் ஒருங்கே ஓடும். பக்கத்தில் உருண்ட தூளைச் சலிக்கும் சல்லடை அதிர்ந்துகொண்டிருக்கும். அப்பால் காய்ச்சும் அடுப்பின் பெருவிசிறி இரைந்துகொண்டிருக்கும். நள்ளிரவு கடந்து தொடங்கும் வேலை, பொழுது விடிந்து பெரட்டுக் களையும் வேளையிலும் ஓயாது. தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் அவ்வொலியை வெளியே விடாது திருப்பித் திருப்பி எறியும்.

சுழலும் பொறிகளை எங்கள் மக்கள் 'ரோதை' என்பர். சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது அது. அப்பொறிகளைக் காக்கவும், பொறிகளிடமிருந்து தம்மைக் காக்கவும், 'ரோதைமுனி' என்றொரு தெய்வத்தையும் வழிபட்டனர். பொறியின் பல்லுக்கும் பட்டிக்கும் அஞ்சி வழிபட்டனரேயன்றி அதன் ஒலிக்கு எவரும் அஞ்சவில்லை. குருதி வாராத காயத்தை யார் காயம் என்று எண்ணுவர்?

வீட்டில் தந்தையார் உரத்த குரலிற் பேசுவார். வானொலியின் ஓசையைக் கூட்டி வைப்பார். நேரே நின்று பேசினால் மறுமொழி சொல்வார்; முதுகுப்புறம் நின்று அழைத்தால் திரும்பார். இருட்டிலே லயத்து வழியில் எதிர்ப்பட்டோர், "என்னண்ணே, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டு மறுமொழி பெறாது போவர். ஸ்டோர் வேலை கிடைத்ததால் வந்த திமிர் என்று சிலர் சொல்வது என் செவியிற் பட்டதுண்டு. அவர் செவியில் அது பட்டிராது.

1985ஆம் ஆண்டு, ஓர் இரவு. தந்தையார் கைச்சக்கரத்தின் அருகே நின்றார். உடன் வேலை செய்த ஒருவர், கட்டிபட்ட கொழுந்தைக் கலைப்பதற்காகக் கூட்டினுள்ளே கையை நுழைத்திருந்தார். கை அகப்பட்டுக்கொண்டது. "கை! கை!" என்று அவர் கதறினார். என் தந்தையார் செவியில் விழுந்தது "வை! வை!" என்பது. அழுத்தத்தை வை என்று பணிப்பதாகக் கருதிச் சக்கரத்தை இன்னும் இறக்கினார். அம்மனிதர் இரண்டு விரல்களை இழந்தார்.

விசாரணை நடந்தது. "கை என்றுதான் கத்தினேன்" என்றார் காயப்பட்டவர். "வை என்றுதான் கேட்டது" என்றார் தந்தையார். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே அங்கிருந்தோர் கொண்டனர். விரல் இழந்தவரைப் பொய்யர் என்று யார் கூறுவர்? தந்தையார் வெளிவேலைக்கு மாற்றப்பட்டார். கவ்வாத்துக் கத்தி எடுத்தார். இரவு வேலையால் வந்த மிகைக்கூலி நின்றது. அது எந்தத் தொழிற்சாலை என்று ஈண்டுக் கூறவேண்டுவதில்லை. அக்காலத்தில் எந்தத் தொழிற்சாலையில் நிகழ்ந்திருப்பினும் தீர்ப்பு வேறாக இருந்திராது என்றே எண்ணுகிறேன்.

ஆனால் வேறொரு தீர்ப்பும் உண்டு. அது வீட்டில் வழங்கப்பட்டது, வழங்கியவன் யான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. தமிழ்ப் பாடத்தில் முதல் மாணவன் என்ற செருக்கு வேறு. "கைக்கும் வைக்கும் கூடவா அப்பா உங்களுக்கு வித்தியாசம் தெரியல?" என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வைன்னுதான்டா கேட்டுச்சு" என்றார். அதன்பின் அதுபற்றி அவர் பேசியதேயில்லை.

பின்னர் யான் கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிற் பயின்று பண்டிதனானேன். எழுத்துக்களின் பிறப்பும், அளவும், புணர்ச்சியும் கற்றேன், கற்பித்தேன். என் தந்தையாரின் செவியைப் பற்றி மட்டும் 2004ஆம் ஆண்டு வரை ஒன்றும் அறிந்திலேன். அவ்வாண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது செவிப்புலனை அளந்து ஒரு வரைபடம் தந்தனர். தாழ்ந்த ஒலிகளின் பக்கம் கோடு ஏறத்தாழ நேராகச் சென்றது. வினாடிக்கு 3000 அதிர்வைத் தாண்டியதும் கிணற்றில் விழுந்ததுபோலத் தாழ்ந்தது. 4000 அதிர்வில் அடியாழம். அப்பால் சற்றே எழுந்தது. "இது வயதால் மட்டும் வந்ததில்லை. சத்தத்தில் வேலை செய்தவரா?" என்று வைத்தியர் கேட்டார். அவ்வினாவை இருபது ஆண்டுகளுக்கு முன் எவரும் கேட்டிலர்.

அன்று வைத்தியர் விளக்கியதையும், பின் யான் தேடிப் படித்ததையும் இலக்கண மாணவர்க்கு விளங்கும் வகையில் இங்குத் தொகுத்துக் கூறுகிறேன்.

உட்செவியிலே நத்தை ஓட்டைப் போன்று சுருண்ட ஓர் உறுப்பு உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துவன இவையே. வாயிலருகே உள்ளவை உயர்ந்த அதிர்வுகளையும், உள்ளே சுருளின் முடிவில் உள்ளவை தாழ்ந்த அதிர்வுகளையும் ஏற்கும். பேரொலி நாள்தோறும் தாக்குமாயின் இக்கலங்கள் நலிந்து மடியும். மனிதரில் இவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மடிவன 4000 அதிர்வை அடுத்துள்ள இடத்தன. ஆதலால் அக்கிணறு.

இனி, பேச்சொலியின் இயல்பைப் பார்ப்போம். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளிலே உளது. அவை நீண்டு நிற்பன, உரத்து ஒலிப்பன. மெய்யொலிகளோ மெலிந்தவை, நொடிப்பொழுதில் மறைபவை. வல்லினத்தின் வெடிப்பும், சகரத்தின் சீறலும் பெரும்பாலும் 2000 அதிர்வுக்கு மேற்பட்டவை. ஆகவே இத்தகைய செவிக்கு உயிர் கேட்கும், மெய் கேளாது. 'காசு', 'காது', 'காடு' என்னும் மூன்றும் ஒரே சொல்லாகத் தோன்றும். "சத்தம் கேக்குது, பேச்சு விளங்கல" என்று முதியோர் கூறுவதன் பொருள் இதுவே.

தொல்காப்பியர் காலம் முதலாகவே மெய்க்கு அரை மாத்திரை என்று அளவு கூறினர். குற்றுயிர்க்கு ஒன்று, நெட்டுயிர்க்கு இரண்டு. மாத்திரையாவது கண் இமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. அதிலும் மெய் உயிரோடு கூடி உயிர்மெய்யாகும்போது அவ்வரை மாத்திரையும் தனித்து எண்ணப்படாது. உயிரின் அளவே அதன் அளவாகும். கை என்பதும் இரண்டு மாத்திரை; வை என்பதும் இரண்டு மாத்திரை. இரண்டினையும் வேறாக்குவது, கணக்கிலும் சேராத அம்மெய். ஒருவரின் விரல் அதில் தொங்கியது.

செவி முற்றும் நலமாயிருப்பினும் ஆரவாரத்திடையே பேச்சு விளங்குதல் அரிது என்பதையும் ஈண்டுக் கருத வேண்டும். பொறிகளின் தாழ்ந்த முழக்கம் தன் இடத்தை மட்டும் நிரப்புவதன்று. தனக்கு மேலுள்ள அதிர்வுகளையும் பரந்து மறைக்கும். கேட்போன் சொல்லை முழுமையாகக் கேட்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறான். வாக்கியம் நீண்டிருந்தால் அது கைகூடும். ஓரெழுத்தொருமொழிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே, எதிர்பார்த்த சொல்லே கேட்ட சொல்லாகிவிடும். கைச்சக்கரத்தில் நின்றவர் எதிர்பார்த்தது 'வை' என்னும் ஏவலை.

இவ்வுண்மை உலகுக்குப் புதிதன்று. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் ரமச்சினி, ஓயாது செம்பைத் தட்டும் கன்னார் செவிடராதலைத் தம் நூலிற் குறித்தார். 1886இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளரின் செவிகளைச் சோதித்து அவர்களின் கேள்விக்குறையை நிறுவினார். இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளில் நெசவுப் பெண்டிர் தறிகளின் ஓசையிடையே வாயசைவாலும் சைகையாலும் உரையாடும் ஒரு முறையையே வகுத்துக்கொண்டனர்.

நம் நாட்டில், லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தம் பங்களாத் திண்ணையில் மேசைமேல் இட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்டச் செய்தார். பின்னரே பொறிகள் வந்தன. பொறியோடு முழக்கமும் வந்தது. கையுருட்டின் காலத்தில் பக்கத்தில் இருந்தவன் பேச்சு கேட்டிருக்கும்.

எவ்வளவு ஒலி தீங்கானது? ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். அது கூட்டற் கணக்கன்று. மூன்று டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். பத்துக் கூடினால் பதின்மடங்காகும். அமெரிக்க நாட்டுத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல் வெளியிட்ட வரையறைப்படி, 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். 88 ஆனால் நான்கு மணி; 91 ஆனால் இரண்டே மணி. கருவி இல்லாதார்க்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவனோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அவ்விடம் அவ்வெல்லையைத் தொட்டுவிட்டது என்று கொள்க.

செவியில் அடைப்பான் அணியச் சொன்னால், "அப்புறம் எப்பிடி சேர் ஆள் பேசுறது கேக்கும்?" என்று தொழிலாளர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் 1946இல் கிரைட்டர் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பேரொலியிடையே நலமான செவியுடையார் அடைப்பான் அணிந்தாலும் பேச்சு குறைவாக விளங்குவதில்லை. சிறிது மேலாகவும் விளங்கும். மிகுந்த வெளிச்சத்திற் கண் கூசுவோன் நிழற்கண்ணாடி அணிவதை ஒக்கும் அது. ஆனால் முன்னரே செவி நலிந்தவர்க்கு அந்நன்மை இல்லை. அவர்க்கு மெய்யொலி இன்னும் குறையும். அதனாலன்றோ வேலையிற் சேரும் முதல்நாளே அடைப்பான் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் செவியைச் சோதிக்கவேண்டும் என்கின்றனர்.

அச்சோதனையிலும் அகப்படாத கேடு ஒன்று உண்டு. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் குஜாவாவும் லிபர்மனும் எலிகளிற் கண்டது யாதெனில், பேரொலிக்குப் பின் கேட்கும் திறன் மீண்டதுபோலத் தோன்றினும் மயிர்க்கலத்தையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகள் பல அழிந்தே போகின்றன என்பது. மனிதரிலும் இவ்வாறு நிகழின், அமைதியான அறையில் எல்லாம் கேட்பவர் சந்தையில் ஒன்றும் விளங்காது திகைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகின்றனர்.

பண்டிதன் என்ற முறையில் யான் சேர்த்துக் கூறக்கூடியது ஒன்றுண்டு. ஆபத்தைக் குறிக்க ஓரெழுத்துச் சொல்லை நம்புதல் தகாது. விமானிகள் எழுத்துக்களைப் பெயரிட்டு வழங்க 1956 முதல் 'அல்பா', 'பிராவோ' என்று நீண்ட சொற்களைக் கைக்கொண்டனர். இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேளாதவாறு சோதித்துத் தேர்ந்த சொற்கள் அவை. நம் இலக்கண ஆசிரியர் அகரம், ஆகாரம், ஐகான் என்று எழுத்துக்களுக்குச் சாரியை கூட்டி வழங்கியதையும் இங்கு நினைக்கலாம். கூறுதற்கு எளிமையோடு கேட்டற்குத் தெளிவும் அதனால் விளைந்தது. ஸ்டோரிலும் 'நிறுத்து' என்பதற்கு உயர்த்திய கைச்சைகை ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான் ஒன்று இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ரோதையின் அருகே மனிதரை நிறுத்துதல் கூடாது.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஒரு ஸ்டோரில் வேலை பார்க்கிறான். அண்மையில் சந்தித்தபோது, "உள்ள பேச்சே இல்ல சேர், எல்லாம் கைதான்" என்று சைகை காட்டிச் சிரித்தான். சொல்லிவிட்டு என் உதடுகளைப் பார்த்தான். அவனுக்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. அப்பார்வையை யான் அறிவேன்.

ஆசிரிய அன்பர்க்கு ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது நாமும் ஒரு ஸ்டோரில்தான் நிற்கிறோம். ஆரவாரம் மிகுந்தால் நம்மை அறியாமலே குரல் உயரும். 1911இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் லொம்பார்ட் இதனைக் கண்டு கூறினார். ஆயின் குரலை உயர்த்தும்போது பெரிதும் உயர்வது உயிரே; மெய் அந்த அளவு உயர்வதில்லை. வளர்ந்தோரைவிடச் சிறுவர்க்கு அமைதி மிகுதியாக வேண்டும். விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும் சொல்வளம் அவர்க்கு இன்னும் கைவரவில்லை. சொல்வதெழுதலில் 'பசி' என்றதைப் 'பதி' என்று எழுதிய பிள்ளையை அடிக்குமுன் முன்வாங்கில் இருத்திப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்துப் பேசாது முகம் பார்த்துப் பேசுங்கள். வள்ளுவர் கல்விக்குப் பின் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கேளாதவன் குற்றவாளி என்று அங்கு எவ்வுரையாசிரியரும் பொருள் கூறவில்லை.

அந்தச் சிறுமியை முன்வாங்கிற்கு மாற்றினேன். மறுநாள் ஆறு சொற்களையும் பிழையின்றி எழுதினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலை, விளக்கைக் கிட்ட வைத்துத் தந்தையாரின் எதிரே அமர்ந்தேன். வரைபடத்தைக் காட்டி, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "அப்பா, அன்னைக்கு நீங்க சொன்னது மெய்தான். உங்களுக்கு வைன்னுதான் கேட்டிருக்கும். நான் சொன்னதுதான் தப்பு." அவர் என் வாயைப் பார்த்திருந்தார். விளங்கிற்றா என்று எனக்கு ஐயமாயிருந்தது. மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "அவன் கையிலயும் பொய் இல்லடா. அவனுக்கும் போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

மறுவாரம் சென்று சொன்னேன். விரலிழந்த அம்முதியவர் முழுவதையும் கேட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கு வந்தார். இருவரும் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். இருபத்தேழு ஆண்டுகள் ரோதையருகே நின்றவர் ஒருவர். அவரினும் சிறிது குறைய நின்றவர் மற்றவர். அவர்கள் பேசியது சைகையால். என் தந்தையார் 2012இல் காலமானார். பாடையைத் தூக்க வந்தவர்களுள் மூன்று விரல் கொண்ட கை ஒன்றும் இருந்தது.